மலைப்பாதையில் எங்கே நிற்பது, எப்படி உட்காருவது

மலையேறக் கிளம்புகிறவர்களிடம் திட்டம் என்னவென்று கேட்டால் தூரம், ஏற்றம், தண்ணீர், திரும்பும் நேரம் எல்லாம் கணக்காக வந்து விழும். எங்கே உட்காரப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். களைத்தால் உட்காருவோம் என்பார்கள். களைத்துப்போய் உட்காருகிறவர் காட்டையா பார்ப்பார், தன் முழங்காலைத்தான் பார்ப்பார். நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம், இயற்கையோடு ஒட்டவே முடியவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பலருக்கும் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

மனத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள் என்ற வகை அறிவுரை இந்தப் பதிவில் கிடையாது. அதெல்லாம் தவறென்று சொல்லவில்லை. மூச்சிரைத்துக்கொண்டு, ஈரச் சட்டையோடு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவருக்கு அது பயன்படாது. ஒட்டுதல் வருவதற்கு முன்னால் சில ஏற்பாடுகள் சரியாக இருக்க வேண்டும். அந்த ஏற்பாடுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தூரத்தைப் பாதியாக்குங்கள்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றமுள்ள 10 கி.மீ. பாதைக்கு இதன்படி மூன்று மணி நேரம் ஆகும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இது நல்ல உடல்வாகுள்ளவர் எங்கும் நிற்காமல் நடக்கும் கணக்கு. ஒரு பூவைக் குனிந்து பார்க்கக்கூட இதில் நேரம் ஒதுக்கப்படவில்லை. பெரும்பாலான வழிகாட்டிப் பலகைகளிலும் செயலிகளிலும் போட்டிருக்கும் நேரமும் ஏறத்தாழ இந்த வகைதான்.

அதனால் பார்த்துக்கொண்டு நடக்க விரும்புகிறவர் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும், இல்லையேல் பாதையைக் குறைக்க வேண்டும். கையில் நான்கு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 200 மீட்டர் ஏற்றத்தோடு 6 கி.மீ. போதும். நைஸ்மித் கணக்குப்படி அது ஒன்றரை மணி நேர நடை. மிச்சமுள்ள இரண்டரை மணி நேரத்தில் இருபது நிமிட அமர்வு இரண்டு, சின்னச் சின்ன நிறுத்தங்கள் ஏழெட்டு, எதிர்பாராமல் ஏதாவது கண்ணில் பட்டால் அதற்கு ஓர் அரை மணி என்று தாராளமாகப் பிரிக்கலாம். உச்சியைத் தொட்டே தீருவேன் என்ற நாளில் இதை முயலாதீர்கள். உச்சிக்குப் போகும் நாளில் மனம் உச்சியிலேயே இருக்கும். அது வேறு வகை இன்பம், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் நின்றுதான் ஆக வேண்டும்? கரடுமுரடான பாதையில் கண் எப்போதும் அடுத்த இரண்டு மூன்று அடிகளைத் தேடிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. மரத்தைப் பார்த்துக்கொண்டே கால் வைப்பதுதான் கணுக்கால் பிசகுவதற்கு வெகு சாதாரணமான காரணம். நடக்கும்போது தரை, பார்க்க வேண்டுமென்றால் இரண்டு காலும் ஊன்றி நின்றுவிட்டுப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐம்பது அடி நடந்து, பத்து நொடி நின்று, ஒரு முறை மேலே, ஒரு முறை பக்கவாட்டில், ஒரு முறை திரும்பிப் பின்னால் பார்ப்பது நல்ல பழக்கம். பின்னால் பார்ப்பதற்கு இன்னொரு லாபமும் உண்டு. திரும்பி வரும்போது பாதை எப்படித் தெரியும் என்பது மனத்தில் பதியும். வழி தவறுவது குறையும்.

நேரமும் முக்கியம். பறவைகள் பாடத் தொடங்குவது சூரியன் எழுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே. காற்று அடங்கியிருக்கும் அந்த வேளையில் ஒலியும் சிதறாமல் வெகுதூரம் வரும். வெயில் ஏறியதும் பறவைகள் அடங்கிவிடும். அப்போதுதான் பட்டாம்பூச்சியும் பல்லியும் ஓணானும் உடலைச் சூடேற்றிக்கொண்டு வெளியே வரும். காலை காதுக்கு, நடுப்பகல் லென்ஸுக்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. பதினொரு மணிக்கு வந்து நின்றுகொண்டு ஒரு பறவையைக்கூடக் காணோமே என்பவருக்குக் காடு பதில் சொல்லாது.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால்

ஏற்றத்தில் வியர்த்துக் கொட்ட வந்து, அப்படியே பொத்தென்று உட்கார்ந்தால் சில நிமிடங்களில் முதுகு சில்லிடும். தசைகள் வேலை செய்வதை நிறுத்திவிட்டன, ஆனால் ஈரம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. பத்தாவது நிமிடத்தில் எழுந்து நடந்தால் தேவலை என்று தோன்றும். பொறுமை இல்லை என்று நினைத்துக்கொள்வோம், உண்மையில் குளிர். உயரமும் சேர்ந்துகொள்ளும்: ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

இதற்கு வழி, உட்காரப்போகும் இடத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது. வந்து சேர்ந்ததும் முதல் வேலை மேலே ஓர் அடுக்கு உடை போடுவது. குளிரட்டும், அப்புறம் போடலாம் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். பருத்திச் சட்டை ஈரத்தை விடாது. உள்ளே அணிவது பாலியெஸ்டராகவோ மெல்லிய கம்பளியாகவோ இருக்கட்டும். அடியில் போட்டுக்கொள்ள ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் துண்டு, 30-க்கு 40 சென்டிமீட்டர் அளவில் வெட்டியது, எடையே தெரியாது. தண்ணீர் உறிஞ்சாத வகை ஃபோமாக இருக்க வேண்டும். உட்காரும் பழக்கம் நிலைப்பதற்கு மற்ற எந்தக் கருவியையும்விட இந்தத் துண்டுதான் உதவும் என்பது எங்கள் கட்சி.

கொப்புளமும் இப்படித்தான். குதிகாலில் லேசாகச் சூடு தெரியும்போதே நின்று, ஷூவைக் கழற்றி, தோலைத் துடைத்து, டேப் ஒட்டிவிட வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் நீர் கோத்துவிடும். அதன் பிறகு அன்று முழுக்க உங்கள் கவனம் ஒரு ரூபாய் அகலத் தோலில்தான்.

இடம் தேடுவது

உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்கிக்கொண்டிருந்தால் அந்த மரத்தடி வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் அவை விழும். அடுத்து தரை: எறும்புச் சாரை, முள், விலங்குகள் நடந்து நடந்து தேய்ந்த தடம். தடத்தின் மேல் உட்கார்ந்தால் வருவதெல்லாம் உங்களைக் கண்டு திரும்பிப் போய்விடும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தடத்தைப் பார்க்கலாம். முதுகுக்குப் பின்னால் உங்கள் தோளைவிட அகலமான அடிமரமோ பாறையோ இருந்தால் உங்கள் உருவம் தனியாகத் துருத்தித் தெரியாது.

அடர்ந்த காட்டின் நட்டநடுவைவிட ஓரங்களில்தான் நடமாட்டம் அதிகம். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பு, சரிவு சமதளத்தைத் தொடும் இடம், நீர்நிலையின் கரைப்புதர் இப்படி. ஆனால் பாய்ந்தோடும் ஓடையின் பக்கத்திலேயே உட்காராதீர்கள். கேட்பதற்கு இதமாக இருக்கும், வேறு எதுவும் காதில் விழாது. ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் ஓடையும் கேட்கும், மற்றதும் கேட்கும்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். காய்ந்த மண்ணை விரலில் எடுத்து மெல்லத் தூவினால் தெரிந்துவிடும். மலைச்சரிவில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் பட்டுச் சரிவு சூடேறினால் அதை ஒட்டிய காற்று மேல்நோக்கிப் போகும். வெயில் விலகிக் குளிர்ந்ததும் கனத்த காற்று கீழ்நோக்கி வழியும். எனவே பகலில் சரிவின் மேல்பகுதியில் உட்கார்ந்து கீழே பார்த்தால் உங்கள் வாடை கீழே உள்ள விலங்குக்குப் போகாது. மாலையில் இதைத் தலைகீழாக்கிக் கீழே உட்கார்ந்து மேலே பாருங்கள். பெரிய மழைக்காற்று வீசும் நாளில் இந்த ஒழுங்கெல்லாம் கலைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருபது நிமிடக் கணக்கு

நீங்கள் நடந்து வந்தபோதே பறவைகளும் அணில்களும் உங்களைப் பார்த்தாயிற்று. எச்சரிக்கைக் குரல் கொடுத்தாயிற்று. உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காததுபோல இருப்பது அதனால்தான். பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் தங்கள் வேலைக்குத் திரும்பும். அதனால்தான் இருபது நிமிடம் என்பது குறைந்தபட்சம். எட்டாவது நிமிடத்தில் பையின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்தாலோ வெல்க்ரோவைப் பிரித்தாலோ கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தண்ணீர் பாட்டில், நோட்டு, பென்சில், பைனாகுலர் எல்லாவற்றையும் உட்காரும் முன்பே எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள். அதிர்வில் மட்டும் அடிக்கும்படி அலாரம் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் மணி பார்க்கும் அரிப்பும் இருக்காது.

சும்மா உட்கார்ந்திருப்பது முதலில் யாருக்கும் வராது. கையில் ஒரு வேலை வேண்டும். காதிலிருந்து தொடங்குவது எளிது. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் காதுமடலுக்குப் பின்னால் அணைத்து வைத்துக்கொண்டு தலையை மெல்லத் திருப்புங்கள். முன்பக்க ஒலிகள் சட்டென்று பெரிதாகும். கைகளைக் காதுக்கு முன்னால் கொண்டுவந்து பின்பக்கம் பார்க்கக் குவித்தால், திரும்பாமலே முதுகுப்பக்கத்து ஒலிகள் கிடைக்கும். நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், அது நீங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கேட்கும் ஒவ்வொரு ஒலியையும் அது வந்த திசையில், தூரத்துக்கு ஏற்பத் தள்ளி ஒரு குறியாகப் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. வளைகோடு, புள்ளி, கிறுக்கல் போதும். முதல் நிமிடத்தில் மூன்று ஒலிதான் இருக்கிறது என்று தோன்றிய இடத்தில் ஐந்தாவது நிமிடம் முடியும்போது ஒரு டஜன் குறிகள் விழுந்திருப்பது வழக்கம்.

பிறகு கண். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை அசைத்துக்கொண்டே மெல்லப் பக்கவாட்டில் விரியுங்கள். பார்வை நேராகவே இருக்கட்டும். இரண்டு பக்க விரல்களின் அசைவும் மங்கலாகத் தெரியும் கடைசி இடத்தில் நிறுத்துங்கள். கைகளைக் கீழே போட்டுவிட்டு, அந்த அகலத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கூர்ந்து பார்ப்பது விழித்திரையின் நடுப்பகுதியின் வேலை. அசைவைப் பிடிப்பதில் ஓரப்பகுதி கெட்டி. காற்றில் எல்லா இலையும் ஒரு பக்கம் ஆட, ஒன்று மட்டும் வேறு மாதிரி ஆடினால் அங்கே ஏதோ உட்கார்ந்திருக்கிறது. உற்றுத் தேடுகிறவருக்கு இது தப்பிவிடும். அகலப் பார்க்கிறவருக்குத் தானாக வந்து மாட்டும்.

மூக்கைப் பலரும் மறந்துவிடுவார்கள். சருகை விலக்கி ஒரு சிட்டிகை ஈரமண்ணை முகர்ந்து பாருங்கள். ஸ்ட்ரெப்டோமைசஸ் முதலிய மண் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம் அது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். மழை மணத்தில் இதற்கும் பங்குண்டு. வறண்ட காலத்தில் பாறையிலும் மண்ணிலும் ஊறிக்கிடக்கும் எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் வெளிப்படுவதை இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1964-ல் விளக்கினார்கள். முகர்ந்த மண்ணை அதே இடத்தில் போட்டுச் சருகால் மூடிவிடுங்கள். தெரியாத செடியின் இலையைக் கசக்கி முகர்வது மட்டும் வேண்டாம். தொட்டாலே தோல் வெந்துபோகும் செடிகள் உண்டு.

பறவைகளின் எச்சரிக்கைக் குரலைப் பிரித்தறியப் பழகினால் காட்டில் நடப்பதில் பாதி புரியும். பெயர் தெரிய வேண்டியதில்லை. மேலே வேட்டைப் பறவை பறந்தால் பல சிறு பறவைகள் மெல்லிய, கீச்சென்ற, எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க முடியாத குரல் கொடுத்துவிட்டு அப்படியே உறைந்துவிடும். ஆந்தையோ பாம்போ பூனையோ உட்கார்ந்திருப்பதைக் கண்டால் நடப்பது நேர் எதிர். கரகரவென்று, திரும்பத் திரும்ப, எல்லாரும் வாருங்கள் என்பதுபோலக் கத்தும். நாலைந்து வகைப் பறவைகள் ஒரே புதரைச் சுற்றி இப்படிக் கூச்சல் போட்டால், அவை எல்லாம் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ அந்த நடுவில் பாருங்கள். வட அமெரிக்காவின் கருந்தலைச் சிக்கடி என்ற சிறு பறவையைப் பற்றி 2005-ல் வெளிவந்த ஆய்வு, எதிரி எவ்வளவு ஆபத்தானதோ அதற்கேற்பக் குரலின் கடைசியில் வரும் ‘டீ’ ஒலிகளின் எண்ணிக்கை கூடுகிறது என்று காட்டியது. உருவில் பெரிய ஆந்தையைவிட, சுறுசுறுப்பான குட்டி ஆந்தைக்குத்தான் அங்கே ‘டீ’ அதிகம். சிக்கடியைப் பிடிக்கக்கூடியது அதுதான்.

இத்தனை அமைதியும் எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது. யானை, கரடி, காட்டெருது நடமாடும் இடத்தில் சத்தமில்லாமல் நடப்பது முட்டாள்தனம். திடீரென்று மிக அருகில் சந்திப்பதுதான் அங்கே ஆபத்து. வளைவுகளில், ஓடை இரைச்சலுக்கு அருகில், எதிர்க்காற்று வீசும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். உட்காருவதென்றால் நாலாபக்கமும் தெரியும் திறந்த இடத்தில், இரண்டு மூன்று பேராக, வழிகாட்டி சரி என்று சொன்னால் மட்டும். எந்த விலங்கானாலும் ஒரு கணக்கு: கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரலுக்குப் பின்னால் விலங்கு முழுசாக மறையாவிட்டால் நீங்கள் அருகில் இருக்கிறீர்கள். அது மேய்வதை நிறுத்தித் தலைதூக்கினாலோ, காதைத் திருப்பினாலோ, இடம் மாறினாலோ, விரல் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், பின்வாங்கிவிடுங்கள்.

லென்ஸும் பைனாகுலரும்

பத்து மடங்கு பெருக்கும் சிறு கைலென்ஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறவர் சலிப்பென்றால் என்னவென்று அறியமாட்டார். ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைத் தப்பாகப் பிடிக்கிறார்கள். கதைகளில் துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை நீட்டிப் பிடிப்பதுபோலப் பிடித்தால் எதுவும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்து, அந்தக் கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். பார்க்கும் பொருளை மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் பளிச்சென்று தெளியும். பாறைபோலக் கொண்டுவர முடியாத பொருளென்றால் நீங்கள்தான் முகத்தோடு குனிய வேண்டும். தலை வெளிச்சத்தை மறைக்காதபடி பக்கத்திலிருந்து குனியுங்கள்.

பார்க்கத் தொடங்க நல்ல பொருள் பாசிக்காளான், அதாவது லைக்கன். பாறையில் பெயின்ட் அடித்ததுபோல ஒட்டிக்கிடப்பது ஒரு வகை, ஓரம் தூக்கிய இலைபோல இருப்பது இன்னொன்று, தாடிபோலவோ குட்டிப் புதர்போலவோ கிளைத்து நிற்பது மூன்றாவது. காற்றில் கந்தக டையாக்சைடு மிகுந்தால் முதலில் காணாமல்போவது பொதுவாக இந்த மூன்றாவது வகை. மரமெல்லாம் தாடி தொங்கினால் அங்கே காற்று சுத்தம் என்று ஓரளவு நம்பலாம்.

பைனாகுலரில் 8x42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெருக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். நடைக்கு எட்டே போதும். மங்கலாகத் தெரிகிறது என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தங்கள் கண்ணுக்கு அமைத்துக்கொள்ளாதவர்கள். ஒரு தொலைவான கிளையைத் தேர்ந்தெடுத்து, வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்தால் இனி நடுச்சக்கரம் மட்டுமே உங்கள் வேலை. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்ணருகே உள்ள ரப்பர் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் சுருங்கித் தெரியும். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பக்கூடாது. லென்ஸ் கொண்டுவர மறந்த நாளில் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பொருளுக்கு மிக அருகே கொண்டுபோனால் சுமாரான பூதக்கண்ணாடி தயார்.

கால்தடம் பார்ப்பதற்குக் கருவியே வேண்டாம், சாய்ந்த வெயில் போதும். காலையிலோ மாலையிலோ, தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். சிறு பள்ளமும் நிழல் கட்டித் தெரியும். உச்சிவெயிலில் அதே தடம் காணாமல்போயிருக்கும். நாய்க் குடும்பத்துத் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி இருக்கும். பூனைக் குடும்பம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பொதுவாக இருக்காது. பூனையின் உள்ளங்கால் பட்டையின் பின்விளிம்பில் மூன்று மேடு தெரியும். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழும். பெரிய இரண்டு குறிகள் இருக்கும் பக்கம்தான் அது போன பக்கம். விளிம்பு கூர்மையாக இருந்தால் புதிது, உதிர்ந்திருந்தால் பழசு, தடத்துக்குள் மழைத்துளிக் குழி இருந்தால் கடைசி மழைக்கு முன்னால் போனது.

நம்பக்கூடியதும் கூடாததும்

காட்டுக்கணக்குகள் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. மரத்தில் பாசி படர்ந்த பக்கம் வடக்கு என்பது அதில் முதல். பாசிக்குத் திசை தெரியாது, ஈரம்தான் தெரியும். சாய்ந்த மரத்தில் தண்ணீர் வழியும் பக்கமெல்லாம் படரும். அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் நான்கு விரல் இருந்தால் இருட்ட ஒரு மணி நேரம் என்ற கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். நீட்டிய கையில் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. பூமத்தியரேகைப் பக்கம் அது செங்குத்தாக இறங்குவதால் ஒரு முஷ்டி என்பது சுமார் 40 நிமிடம்தான். நான்கு விரல் அதைவிடக் குறைவு. துருவத்தை நோக்கிப் போகப்போகச் சாய்வாக இறங்கும், நேரம் நீளும். மலை மறைத்தால் அடிவானமே உங்களுக்குக் கிடையாது.

சில்வண்டு கணக்கு ஓரளவு தேறும். அமாஸ் டால்பேர் 1897-ல் சில்வண்டின் ஒலிக்கும் வெப்பநிலைக்கும் ஒரு சூத்திரம் எழுதினார். 8 நொடியில் எத்தனை முறை கிறீச்சிடுகிறதோ அதோடு 5-ஐக் கூட்டினால் செல்சியஸ். வட அமெரிக்காவின் ஒரு வகை மரச்சில்வண்டுக்குப் பொருந்துவது இது. மற்ற வகைகளுக்கு எண் மாறும். கையில் வெப்பமானி இருந்தால் உங்கள் பக்கத்துச் சில்வண்டுக்கு நீங்களே ஒரு கூட்டல் எண் கண்டுபிடிக்கலாம். உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு அருமையான வேலை.

இடிக்கணக்கை மட்டும் அப்படியே நம்புங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. முகடு, தனிமரம், நீர்நிலை மூன்றையும் விட்டு உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பி ஏறக்கூடாது.

போனையும் நோட்டையும் என்ன செய்வது

போனை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொல்ல மாட்டோம். வழி தவறினாலும் அடிபட்டாலும் அதுதான் துணை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிட்டு ஏரோப்ளேன் மோடில் போட்டால் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும், மணியும் அடிக்காது.

கேமராவுக்கு ஓர் ஒழுங்கு தேவை. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகத்தில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்கள்தான் மக்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி ஏற்படவில்லை. கவனம் எங்கே போனது என்பதைப் பொறுத்தது போலும். அதனால் முதலில் இரண்டு நிமிடம் பாருங்கள், எந்தப் பகுதி பிடித்தது என்று முடிவு செய்யுங்கள், பிறகு அந்தப் பகுதியை ஒரே ஒரு படம் எடுங்கள்.

பெயர் சொல்லும் செயலிகளும் உதவும், எல்லை தெரிந்து பயன்படுத்தினால். ஐநேச்சுரலிஸ்டில் செடியைப் பதியும்போது ஒரு பூவின் படம் மட்டும் போட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முழுச்செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டில் இலை சேரும் இடம், பட்டை, பூவோ காயோ என்று ஐந்தாறு கோணம் வேண்டும். பக்கத்தில் அளவுக்கு ஒரு விரல். மெர்லின் செயலி, குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்வது ஒரு யூகம்தான்; கண்ணால் பார்த்தோ, அந்தப் பருவத்தில் அந்தப் பறவை அங்கே இருக்குமா என்று சரிபார்த்தோ உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் உள்ள குரல் பதிவைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கூடவே கூடாது. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது கூட்டை விட்டு வெளியே வந்து அலையும். செயலி சொன்னதை நம்பிக் காளானையோ பழத்தையோ வாயில் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குழுவாகப் போனால் ஒரு நடைக்கு ஒரு முறையாவது பதினைந்து நிமிடம் பேசாமல், ஒருவருக்கொருவர் இருபது முப்பது மீட்டர் இடைவெளி விட்டு நடக்கலாம். முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் பாதை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். கிளை பிரியும் இடம் வந்தால் எல்லாரும் சேரும்வரை நிற்க வேண்டும்.

கல்லையோ கட்டையையோ புரட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தூரப்பக்க விளிம்பைத் தரையில் ஊன்றி, உங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்காதீர்கள். உள்ளே பாம்பிருந்தால் உங்கள் காலை நோக்கித்தான் வரும். எதிர்ப்பக்க விளிம்பை ஒரு குச்சியால் நெம்பி உங்கள் பக்கம் சாய்த்தால் கல்லே கேடயமாகும். பார்த்து முடித்ததும் அதே முகத்தோடு அதே பள்ளத்தில் வைத்துவிட வேண்டும். அடியில் இருப்பவை ஈரத்தையும் இருட்டையும் நம்பி வாழ்பவை. ஓடைக்கல்லை எடுத்துக் கோபுரம் அடுக்குவதும் அங்கே ஒட்டி வாழும் நீர்ப்பூச்சிகளின் வீட்டைப் பிடுங்கும் வேலைதான். சேறான பாதையில் ஓரமாக ஒதுங்கி நடந்தால் பாதை ஆண்டுக்காண்டு அகலமாகும். நடுவிலேயே மிதித்துப் போங்கள், ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.

நோட்டில் எழுத பென்சிலே சிறந்தது. பல பேனாக்களின் மை மழை பட்டால் கரைந்துவிடும். தேதி, நேரம், இடம், உயரம், வானம், காற்றின் திசை ஆகியவை மேலே ஒரு வரி. கீழே பார்த்தது, கேட்டது, புரியாதது. இந்த மூன்றாவதை எழுதாமல் விடாதீர்கள், அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். ஒரே இடத்துக்குப் பருவம் மாறி மாறித் திரும்பிப் போவது பத்துப் புது இடங்களைவிட அதிகம் கற்றுத்தரும். எந்த மரம் முதலில் தளிர்விட்டது, எந்தக் குரல் நின்றுபோனது என்பதெல்லாம் பழைய பக்கத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இடத்தை எழுதும்போது ஒன்று. உங்கள் நோட்டில் துல்லியமாக எழுதுங்கள். வெளியே பகிரும்போது அப்படிச் செய்யாதீர்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இருப்பிடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கிக் காட்டும். ஆனால் கூட்டையோ ஆர்க்கிட் செடியையோ படம் எடுத்து நீங்களே வேறெங்காவது போட்டால், பின்னணியில் தெரியும் பாறையை வைத்தே இடத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். படத்தோடு சேர்ந்து போகும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு, அடையாளம் காட்டும் பின்னணியை வெட்டிவிட்டு, அந்தப் பருவம் முடிந்த பிறகு போடுங்கள்.